சீந்தில் சாறும் பழ ஈக்களின் ஆயுளும்: திருகோணமலை ஆய்வுகூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது 2022, 2023 ஆண்டுகளில் திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் நடந்தது. சீந்தில் தண்டின் சாற்றை உணவில் கலந்து கொடுத்தபோது பழ ஈக்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. அந்த முடிவு வெளியே போகுமுன் நிறுத்தி வைக்கப்பட்டது. பரிசோதனை திரும்பச் செய்யப்பட்டபோது வேறொரு விளக்கம் கிடைத்தது. ஆட்களின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இங்கே விட்டுவிடுகிறேன். முதல் சுற்று முடிந்ததும் தரவுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி விரிவுரையாளர் என்னைக் கேட்டார். இரண்டாம் சுற்றுத் திட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மூலிகைகளின் முதுமைத் தடுப்பு ஆற்றல் பற்றி மாணவர் ஆய்வுகள் இப்போது நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஈயோ புழுவோ எவ்வளவு உண்டது என்ற கணக்கே இருப்பதில்லை. இங்கே முழு முடிவும் அந்தக் கணக்கில்தான் தங்கியிருந்தது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

விரிவுரையாளர் ஒருவர், இறுதியாண்டு மாணவி ஒருவர், மாணவர் ஒருவர், ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்த ஒரு அம்மா. குழு அவ்வளவுதான். சீந்தில் கொடியைத் தந்தவர் தம்பலகாமத்துப் பக்கம் வைத்தியம் பார்க்கும் ஒரு வயதான பரியாரியார்.

சித்த மருத்துவத்தின் காயகற்ப மூலிகைகளில், அதாவது முதுமையைத் தள்ளிப்போடக் கொடுக்கும் மூலிகைகளில், சீந்திலுக்கு இடம் உண்டு. வேலியிலும் மரத்திலும் படரும் கொடி. அடித்தண்டை வெட்டிவிட்டாலும் மேலிருந்து வேர்களைத் தொங்கவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். காய்ச்சலுக்கும் சீனி வருத்தத்துக்கும் நம் பக்கத்தில் கசாயமாகக் கொடுப்பார்கள். தண்டில் பெர்பெரின், மக்னோபுளோரின் போன்ற அல்கலோயிட்டுகளும் கசப்பான டைட்டர்பீன்களும் இருக்கின்றன. குடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கசப்பு மறக்காது. இந்தக் கசப்பைப் பிறகு திரும்பப் பேச வேண்டி வரும்.

பழ ஈயைத் தேர்ந்ததற்குக் காரணம் வசதி. 25 பாகை செல்சியஸில் முட்டையிலிருந்து சுமார் 10 நாளில் முழு ஈ வந்துவிடும். வளர்ந்த ஈ 2, 3 மாதம் வாழும். எலியில் மூன்று வருடம் காத்திருந்து கேட்க வேண்டிய கேள்வியை ஈயில் சில மாதத்தில் கேட்டு முடிக்கலாம். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் 75 சதவீதத்துக்கு ஈயிலும் ஒப்பான மரபணு இருக்கிறது. முதுமையைப் பொறுத்தவரை இந்த ஒற்றுமை வெறும் கணக்கோடு நிற்கவில்லை. சீ எலிகன்ஸ் என்ற 1 மி.மீ. நீள வட்டப்புழுவில் டாஃப்-2 என்ற ஒரு மரபணுவை மாற்றினால் ஆயுள் இரு மடங்காகிறது என்று 1993இல் சிந்தியா கென்யனின் குழு காட்டியது. அந்த மரபணு இன்சுலின் போன்ற சமிக்ஞையை வாங்கும் ஏற்பியை உண்டாக்குவது. 2001இல் அதே சமிக்ஞைப் பாதை பழ ஈயின் ஆயுளையும் கட்டுப்படுத்துவது தெரியவந்தது.

மூலிகைப் பக்கத்திலும் முன்னுதாரணம் இருந்தது. வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆமலகி ரசாயனம் என்ற நெல்லிக்காய் மருந்தை ஈக்களுக்குக் கொடுத்து, ஆயுள் கூடியதாக 2012இல் எழுதியிருந்தார்கள். மாணவி அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுத்தான் சீந்திலைக் கையில் எடுத்தார்.

முதல் சுற்று

காயவைத்த தண்டைத் தூளாக்கி எதனோலில் ஊறவைத்து, வடித்து, கெட்டியாக்கிச் சாறு எடுத்தார்கள். முதலில் டிபிபிஎச் என்ற, ஒட்சியேற்ற எதிர்ப்பைக் குழாயில் பார்க்கும் சோதனை. ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டதும் நிறம் மளமளவென்று மங்கியது. ஒட்சியேற்ற எதிர்ப்பு வலுவாக இருக்கிறது, ஆகவே ஆயுளும் கூடும் என்று முன்மொழிவில் எழுதப்பட்டது.

இந்த "ஆகவே" பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தனி மூலிகங்கள் (free radicals) என்ற, எதனோடும் எளிதில் தாக்கம் புரியும் துணிக்கைகள் உடலைத் தாக்குவதால்தான் முதுமை வருகிறது என்ற கருத்தை டென்ஹாம் ஹார்மன் 1956இல் முன்வைத்தார். ஆனால் ஒட்சிசன் மூலிகங்களை அகற்றும் சோட்-2 என்ற மரபணு இல்லாத வட்டப்புழு கூடுதல் காலம் வாழ்கிறது என்று 2009இல் வான் ராம்ஸ்டொங்க், ஹெகிமி இருவரும் காட்டினார்கள். குழாயில் நிறம் மங்குவதையும் உடலில் ஆயுள் கூடுவதையும் ஒரே கோட்டில் வைக்க முடியாது. மாணவர் ஆய்வுகளில் டிபிபிஎச் சோதனைக்குக் கிடைக்கும் இடம் மிக அதிகம் என்பது என் எண்ணம்.

ஈக்கள் கொழும்பிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆய்வுகூட வகை. சோளமா, சீனி, ஈஸ்ட், அகார் சேர்த்துக் காய்ச்சிய உணவு ஆறும் நேரத்தில் சாறு கலக்கப்பட்டது. மூன்று அளவுகள்: குறைந்தது, நடுத்தரம், கூடியது. சாறு சேர்க்காத வெறும் உணவு கட்டுப்பாட்டுக் குழுவுக்கு. இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை புதிய குழாய்க்கு ஈக்களை மாற்றி, செத்தவற்றை எண்ணிக் குறித்தார்கள்.

நாட்டின் நிலைமை அப்போது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. வளர்ப்புப் பெட்டி நின்றுவிட்டால் உள்ளே சூடு ஏறும். மே மாதம் கச்சான் என்ற வெப்பக் காற்று வீசத் தொடங்கியதும் இன்னும் மோசம். மாணவர்கள் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போத்தல்களை அடுக்கி, குழாய்களை அதற்குள் மாற்றி, மின்சாரம் வந்ததும் திரும்ப எடுத்து வைத்துச் சமாளித்தார்கள். பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வந்து ஈ எண்ணினார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

முடிவு தெளிவாக இருந்தது. நடுத்தர அளவு கொடுத்த ஈக்கள் கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் கணிசமாகக் கூடுதல் காலம் வாழ்ந்தன. குறைந்த அளவில் வித்தியாசம் சொற்பம். கூடிய அளவில் நன்மை சுருங்கியது. உயிர்வாழ்வு வரைகோட்டில் நடுத்தரக் குழுவின் கோடு தனியாக வலப்பக்கம் நின்றது. அதைக் கப்லான்-மையர் முறையில் வரைந்து, குழுக்களின் உயிர்வாழ்வை ஒப்பிடும் லொக்-ராங்க் என்ற புள்ளிவிவரச் சோதனையும் செய்திருந்தார்கள். கணக்கில் பிழை இல்லை.

ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதியாயிற்று. அப்புறம் செய்தி வெளியே கசிந்தது. நகரில் மூலிகைப் பொருட்கள் செய்து விற்கும் ஒருவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். சீந்தில் பானம் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர இருந்தார். லேபிளில் "ஆயுளை நீட்டுவது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போடுவதற்கு ஒரு கடிதம் கேட்டார். பதிலுக்குக் கண்ணாடிப் பொருட்களும் இரசாயனங்களும் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் அது சிறிய உதவி அல்ல.

கவனித்தவை

முதல் தடயத்தைத் தந்தவர் உதவியாளர் அம்மாதான். பாவித்த குழாய்களைக் கழுவுவது அவருடைய வேலை. ஈக்களை மாற்றிய பிறகு பழைய குழாயில் முட்டை பொரித்து, புழுக்கள் உணவைக் கிண்டிக் கூழாக்கிவிடும், ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், கழுவுவது சிரமம். ஒருநாள் அவர் விரிவுரையாளரிடம் சொன்னார்: "மிஸ், இந்தச் சிவப்புப் புள்ளி போட்ட குழாய்கள் கழுவ லேசாக் கிடக்கு. புழு கிண்டின அடையாளமே இல்லை." சிவப்புப் புள்ளி போட்டவை சாறு கலந்த குழாய்கள்.

விரிவுரையாளர் அதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். தரவைப் பார்க்கும்போது என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரி. புழு குறைவு என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். சாறு புழுக்களைக் கொல்லலாம். அல்லது தாய் ஈக்கள் முட்டையே குறைவாக இட்டிருக்கலாம். இரண்டாவது காரணம் உண்மையானால் ஆயுள் கூடியதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. பெண் ஈ முட்டையிடுவதற்கு ஈஸ்டிலிருந்து வரும் புரதம் வேண்டும். ஈஸ்டைக் குறைத்து உண்ணும் ஈ குறைவாக முட்டையிடும், கூடுதல் காலம் வாழும். உணவைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பது 1935இல் கிளைவ் மக்கே எலிகளில் காட்டியதிலிருந்து தெரிந்த விஷயம். ஈக்களில் மொத்தக் கலோரியைவிட ஈஸ்டின் பங்கே பெரிது என்று 2005இல் லிண்டா பாட்ரிட்ஜின் குழு காட்டியது.

பழ ஈக்குக் கசப்பு தெரியும். அதன் வாயுறுப்பிலும் காலிலும் கசப்பை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன, கசந்தால் ஒதுங்கும். உணவில் கலந்ததோ சீந்தில். வேறு உணவு இல்லாத குழாயில் அடைபட்ட ஈ, பட்டினி கிடக்காமல், தேவைக்கு மட்டும் கொஞ்சமாக உண்டு வாழ்ந்திருக்கலாம். அப்படியானால் ஆயுளை நீட்டியது சீந்திலின் எந்த மூலக்கூறும் அல்ல, குறைந்த சாப்பாடு.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுப்பாட்டு உணவில் எதனோல் கலக்கப்படவில்லை. சாறு கலந்த உணவில் அது கொஞ்சமாவது இருந்தது. எண்ணியவர்களுக்கு எந்தக் குழாய் எது என்று புள்ளியைப் பார்த்தாலே தெரியும். ஆணும் பெண்ணும் சேர்த்தே எண்ணப்பட்டன. கட்டுப்பாட்டுக் குழாய்கள் எல்லாம் வளர்ப்புப் பெட்டியின் மேல்தட்டில் இருந்தன. இரண்டு தட்டிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது மேல்தட்டு சூடாக இருந்தது. சூட்டில் ஈயின் ஆயுள் குறைகிறது என்று லோப், நார்த்ராப் இருவரும் 1917இலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே நாம் கண்ட இடைவெளியில் ஒரு பகுதி, கட்டுப்பாட்டு ஈக்கள் சீக்கிரம் செத்ததால் வந்திருக்க வேண்டும்.

கொடியின் அடையாளமும் உறுதி செய்யப்படவில்லை. தினோஸ்போரா கோர்டிபோலியா என்று எழுதியிருந்தார்கள். மாதிரி எதுவும் எடுத்து வைக்கவில்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த தினோஸ்போரா கிறிஸ்பாவும் இதுபோலவே படரும், தண்டில் மருக்கள் போன்ற முடிச்சுகள் கூடுதலாக இருக்கும். காயவைத்துத் தூளாக்கிய பின் யாரால் பிரித்தறிய முடியும்?

எடுத்த முடிவுகள்

விரிவுரையாளர் மூன்று முடிவு எடுத்தார். மாநாட்டுச் சுருக்கம் போகாது. வியாபாரிக்குக் கடிதம் இல்லை. பரிசோதனை திரும்பச் செய்யப்படும்.

முதலாவது முடிவை மாணவர் எதிர்த்தார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது. "சேர், வெளிவந்த எத்தனையோ கட்டுரைகளில் ஈ எவ்வளவு சாப்பிட்டது எண்டு பார்க்கவே இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?" என்று என்னிடம் கேட்டார். நான் அவருக்கு ரெஸ்வரட்ரோலின் கதையைச் சொன்னேன்.

திராட்சைத் தோலில் உள்ள அந்தச் சேர்மம் ஈஸ்டின் ஆயுளை 70 சதவீதம் வரை நீட்டியதாக 2003இல் வந்தது. அடுத்த ஆண்டு வட்டப்புழுவிலும் ஈயிலும் நீட்டியதாக வந்தது. உலகம் முழுக்கக் குளிசை விற்பனை தொடங்கியது. 2007இல் பாஸ், ஜெம்ஸ், பாட்ரிட்ஜ் முதலியோர் திரும்பச் செய்து பார்த்தபோது ஈயில் ஆயுள் கூடவில்லை. புழுவில் ஒரு தடவை கூடியது, ஒரு தடவை கூடவில்லை. அமெரிக்காவின் தேசிய முதுமையியல் நிறுவகம் மூன்று ஆய்வுகூடங்களில் ஒரே நேரத்தில் எலிகளில் சோதிக்கும் திட்டமொன்றை நடத்துகிறது. அங்கே சாதாரண உணவு உண்ட எலிகளுக்கு ரெஸ்வரட்ரோல் ஆயுளைக் கூட்டவில்லை. மஞ்சளின் குர்குமின் ஈயிலும் புழுவிலும் ஆயுளைக் கூட்டியதாகப் பல கட்டுரைகள் உண்டு. அதே எலித் திட்டத்தில் அதுவும் தேறவில்லை. ரபமைசின் தேறியது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு பக்டீரியாவிலிருந்து வந்த மருந்து அது. 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியும் ஆயுள் கூடியது என்று 2009இல் வெளிவந்தது. அந்தத் திட்டத்தில் எலிகளின் எடையையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். மருந்து கலந்த உணவை எலி ஒதுக்கி, மெலிந்து, அதனால் நீண்டநாள் வாழ்ந்துவிடக் கூடாதல்லவா?

மாணவருக்கு ஏமாற்றம் போகவில்லை, ஆனால் அடுத்த நாள் முட்டை எண்ணத் தொடங்கினார். எரிபொருள் தட்டுப்பாட்டால் கல்வி ஆண்டே பின்தள்ளிப் போயிருந்தது. அதனால் ஆய்வேட்டுக்குக் கால அவகாசம் கிடைத்தது. அது கிடைக்காமல் இருந்திருந்தால் விரிவுரையாளரின் முடிவு இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

கடிதம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் வேறு. 2021இலும் 2022இலும் இந்தியாவில் சீந்தில் உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் நாள்தோறும் குடித்தார்கள். மும்பையிலிருந்து முதலில் அறிக்கை வந்தது, பிறகு 13 மருத்துவ நிலையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் சேர்த்து வெளியானது. உடலின் எதிர்ப்புத் தொகுதி தன் கல்லீரலையே தாக்கும் நோயைப் போன்ற பாதிப்பு பலரிடம் காணப்பட்டது. கிறிஸ்பா வகையைத் தவறாக எடுத்திருக்கலாம் என்று இந்தியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்குப் பொறுப்பான ஆயுஷ் அமைச்சு பதில் சொன்னது. எது சரியாக இருந்தாலும், ஈயில் பார்த்த ஒரு வரைகோட்டை வைத்து மனிதரை நாள்தோறும் குடிக்கச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது.

வியாபாரியின் கடைக்கு விரிவுரையாளரே நேரில் போனார்.

"மிஸ், ஈ கூட நாள் வாழ்ந்தது பொய் இல்லைத்தானே?" என்று அவர் கேட்டார்.

"பொய் இல்லை. ஏன் வாழ்ந்தது எண்டு தெரியாது. தெரியாமல் நான் எழுதித் தர ஏலாது, ஐயா."

இரண்டாம் சுற்று

முதலில் கொடி. பூவும் இலையும் தண்டும் சேர்த்து அழுத்திக் காயவைத்த மாதிரி பேராதனைத் தேசிய ஹெர்பேரியத்துக்கு (உலர்தாவரக் காப்பகம்) அனுப்பப்பட்டது. கோர்டிபோலியா என்று உறுதியாகியது. பரியாரியாருக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை.

அடுத்து முட்டை. சாறு கலந்த உணவில் ஒரு நாள் விட்ட பெண் ஈக்கள் இட்ட முட்டைகளை நுணுக்குக்காட்டியில் எண்ணினார்கள். நடுத்தர அளவிலும் கூடிய அளவிலும் முட்டை குறைவாகவே இருந்தது. புழுக்கள் பொரித்த பிறகு சாவதும் கொஞ்சம் இருந்தது. ஆனால் உதவியாளர் அம்மா கண்டதற்கு முக்கிய காரணம் முட்டை குறைந்ததுதான்.

மூன்றாவதாக உணவு. கேக்குக்குப் போடும் நீலச் சாயத்தை உணவில் கலந்து, சிறிது நேரம் உண்ணவிட்டு, ஈயை அரைத்து நீலத்தின் அளவைப் பார்ப்பது பழைய முறை. செலவு மிகக் குறைவு. சாறு கலந்த உணவு உண்ட ஈயின் வயிற்றில் நீலம் வெளிறிப்போய்த் தெரிந்தது. அரைத்து அளக்காமலே கண்ணுக்குப் புலப்பட்டது. ஆனால் இது குறுகிய நேரத்துக் கணக்கு. ஈ முதலில் ஒதுங்கிவிட்டுப் பிறகு பழகி உண்டிருக்கலாம். அதனால் 2007இல் வெளிவந்த கஃபே முறையையும் செய்தார்கள். நுண்குழாயில் நீர்ம உணவை நிரப்பி மேலிருந்து தொங்கவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று நாள்கணக்கில் அளப்பது அது. திருகோணமலைச் சூட்டில் நுண்குழாயிலிருந்து ஆவியாகிப் போவதே பெரிய பங்கு. ஈ இல்லாத வெற்றுக் குழாய்களைப் பக்கத்தில் வைத்து, ஆவியானதைக் கழித்தார்கள். ஈரப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் முழுவதையும் வைத்தார்கள். நாள்கள் போன பிறகும் நடுத்தர, கூடிய அளவுகளில் ஈக்கள் குறைவாகவே உண்டன. குறைந்த அளவில் வித்தியாசம் இல்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஆயுள் சோதனை. 2023 பெப்ரவரியில் மின்வெட்டு நின்றபின் தொடங்கியது. முட்டையிட்டுப் பழகிய பெண் ஈக்கள் மட்டும், குழாய்க்கு 10, ஒரு குழுவுக்கு 100. எல்லா உணவிலும் ஒரே அளவு எதனோல். குழாய்களில் புள்ளிக்குப் பதில் இலக்கம். இலக்கத்தின் பட்டியல் விரிவுரையாளரின் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டது. தட்டுகளில் குழாய்கள் கலந்து அடுக்கப்பட்டு, ஒவ்வொரு மாற்றத்திலும் இடம் மாற்றப்பட்டன. தப்பிப் பறந்த ஈயும் உணவில் ஒட்டிய ஈயும் சாவுக் கணக்கில் சேர்க்கப்படாமல் தனியாகக் குறிக்கப்பட்டன.

முக்கிய மாற்றம் உணவில் இருந்தது. முழு ஈஸ்ட், பாதி ஈஸ்ட், மிகக் குறைந்த ஈஸ்ட் என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் சாறு இல்லாதது, குறைந்த அளவு, நடுத்தர அளவு. இதன் தர்க்கம் எளிது. சாறு உடலுக்குள் போய்த் தன் வேலையால் ஆயுளைக் கூட்டுவதானால், ஏற்கெனவே ஈஸ்ட் குறைந்த உணவிலும் கொஞ்சமாவது கூட்ட வேண்டும். சாப்பாட்டைக் குறைப்பதுதான் அதன் வேலை என்றால், முழு உணவில் நன்மை தெரியும், பாதியில் காணாமல் போகும், மிகக் குறைந்ததில் பட்டினிதான் மிஞ்சும்.

பூட்டிய பட்டியலைத் திறந்தபோது இரண்டாவது வடிவம் அப்படியே இருந்தது. முழு ஈஸ்டில் நடுத்தர அளவு ஆயுளைக் கூட்டியது. ஆனால் முதல் சுற்றில் கண்ட இடைவெளியைவிடச் சிறியது; தட்டுச் சூட்டின் பங்கு கழிந்துபோனது. பாதி ஈஸ்டில் சாறு இல்லாமலேயே ஈக்கள் நீண்ட காலம் வாழ்ந்தன, சாறு அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. மிகக் குறைந்த ஈஸ்டில் சாறு உண்ட ஈக்கள் முன்னதாகச் செத்தன. குறைந்த அளவுச் சாறு எங்கேயும் எதையும் செய்யவில்லை.

ஆய்வேட்டில் எழுதப்பட்ட முடிவு இது: இந்த நிலைமைகளில், சீந்தில் சாறு கலந்த உணவை ஈக்கள் குறைவாக உண்கின்றன, ஆயுள் கூடியதை அந்த உணவுக் குறைவே பெரும்பாலும் விளக்குகிறது. சீந்திலுக்கு ஆற்றலே இல்லை என்று இது சொல்லவில்லை. பரிசோதனை கேட்ட கேள்வி அது அல்ல. ஆய்வேடு நல்ல மதிப்பீட்டோடு ஏற்கப்பட்டது.

வட்டப்புழுவிலும் செய்து பார்க்கலாமா என்று ஒரு கட்டத்தில் பேசினோம். அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் புழுவின் உணவு ஈ கோலை பக்டீரியா. உயிருள்ள பக்டீரியாவைவிடக் கொல்லப்பட்ட பக்டீரியாவை உண்ணும் புழு கூடுதல் நாள் வாழும். பெர்பெரின் பக்டீரியாவைத் தடுக்கும் சேர்மம். சாறு முதலில் பக்டீரியாவைத்தான் தொடும், புழுவின் ஆயுள் கூடினால் அது எதன் வேலை என்று தெரியாது. மெட்போர்மின் என்ற சீனி வருத்த மருந்து புழுவின் ஆயுளை நீட்டுவதும் பக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தை மாற்றுவதால் என்று 2013இல் காட்டினார்கள். கசப்பிலிருந்து தப்பப் புழுவிடம் போனால் வேறொரு குழியில் விழுவோம் என்பதால் விட்டோம்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே

முதல் சுற்று முடிவு கசிந்ததன் விளைவு வியாபாரியோடு நிற்கவில்லை. உதவியாளர் அம்மாவின் மாமனார் அறுபதைத் தாண்டியவர், சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர். ஈக்கள் நீண்டநாள் வாழ்ந்த கதையை வீட்டில் கேட்டுவிட்டு, தினமும் விடியற்காலையில் சீந்தில் கசாயம் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். சில கிழமைகளில் ஒரு காலை தலைச்சுற்றி உட்கார்ந்துவிட்டார். குளுக்கோமீற்றரில் சீனி நன்றாக இறங்கியிருந்தது. சீந்திலுக்கு இரத்தச் சீனியைக் குறைக்கும் தன்மை உண்டு, குளிசையோடு சேர்ந்து அப்படி நடந்திருக்கலாம். அன்று அவர் சரியாகச் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம். விரிவுரையாளர் செய்தி கேட்டதும் கசாயத்தை நிறுத்தி, குடித்து வந்ததைக் கிளினிக் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னார். ஈரல் பரிசோதனையும் செய்யப்பட்டது. அது சரியாக இருந்தது. பெரியவர் தேறிவிட்டார்.

பரியாரியாரிடம் இரண்டாம் சுற்று முடிவை மாணவி கொண்டுபோய்ச் சொன்னார். அவர் வருந்துவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பத்தியம் என்ன குடுத்தனீங்கள், பிள்ளை?" கற்பம் உண்பவருக்கு உணவுக் கட்டுப்பாடு உண்டு, உப்பும் புளியும் குறைத்து, அளவாகச் சாப்பிட்டு, குறித்த நாள் மட்டும் மருந்து எடுப்பது முறை என்று விளக்கினார். காய்ச்சலுக்கும் சீனிக்கும் தான் சில நாளே கொடுப்பதாகவும், வருடக்கணக்கில் யாருக்கும் கொடுத்ததில்லை என்றும் சொன்னார். "பத்தியத்தை விட்டிட்டு மருந்தை மட்டும் போத்தல்ல அடைச்சா அது வேற சாமான்."

அவர் சொன்னதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மரபில் மருந்தும் குறைந்த உணவும் சேர்ந்தே வருகின்றன. நவீன ஆய்வு மருந்தை மட்டும் பிரித்தெடுத்து, உணவைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. நம் ஈக்கள் தாங்களாகவே பத்தியம் இருந்தன. நாம் அதை மருந்தின் கணக்கில் எழுதப் பார்த்தோம். கற்ப முறையில் எந்தப் பங்கு எதைச் செய்கிறது என்பது நேர்மையான ஆய்வுக் கேள்வி. அதை மூலிகையை மட்டும் வைத்துக் கேட்க முடியாது.

வியாபாரி கண்ணாடிப் பொருட்கள் வாங்கித் தரவில்லை. பானம் பின்னர் விற்பனைக்கு வந்தது. லேபிளில் ஆய்வைப் பற்றியோ ஆயுளைப் பற்றியோ எதுவும் இல்லை. அவர் மனம் மாறினாரா, கடிதம் கிடைக்காததால் விட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

மாற்றியவை

ஆய்வுகூடத்தில் இப்போது ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. ஆயுள் சோதனை கடைசியில் வருகிறது. நீல உணவும் முட்டை எண்ணிக்கையும் முதல் கிழமையிலேயே முடிந்துவிடும். உணவைக் குறைக்கும் அளவு ஆயுள் சோதனைக்குப் போவதானால் ஈஸ்ட் அளவை மாற்றிய உணவுகளோடு சேர்த்துத்தான் போகும். எதனோல் போன்ற கரைப்பான் சேர்த்த கட்டுப்பாட்டு உணவு இல்லாமல் எந்தச் சுற்றும் தொடங்குவதில்லை. கொடியோ வேரோ எதுவானாலும் அடையாள மாதிரி முதலில் அழுத்தி வைக்கப்படும்.

எனக்கு இன்னும் திருப்தி தராத விஷயங்களும் இருக்கின்றன. முழுதும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே வகை ஈயில் நடந்தது. அமெரிக்காவில் மூன்று ஆய்வுகூடங்கள் சேர்ந்து, பல வகை வட்டப்புழுக்களில் ஒரே சேர்மங்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டன. எவ்வளவு கவனமாக ஒன்றுபோலச் செய்தும் சேர்மத்தின் பலன் புழு வகைக்கு வகை மாறியது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இன்னொரு குழு இதே உணவு அட்டவணையைச் செய்து பார்த்தால் நல்லது. சாற்றின் ஒரு பகுதியையும் செய்முறையையும் கொடுக்க விரிவுரையாளர் தயாராக இருக்கிறார். ஆண் ஈக்கள் இரண்டாம் சுற்றில் விடப்பட்டன. முட்டையிடாத ஆணில் என்ன நடக்கிறது என்பது கட்டாயம் பார்க்க வேண்டியது.

முடிவுகள் வெளியே பேசப்படுவது பற்றியும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஆய்வு முடியும்வரை மூலிகையின் பெயர் ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருக்கும். குழாய்களில் இலக்கம் மட்டும் எழுதப்படும். கழுவுபவருக்கும் அதுதான் தெரியும். ஆனால் கழுவுபவர் கண்டதை எழுதுவதற்கு நாட்குறிப்பில் தனியாக ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாணவி இப்போது அங்கேயே உதவி விரிவுரையாளராக இருக்கிறார். கசப்பு உணரும் ஏற்பி பழுதான ஈ வகையொன்றை வரவழைத்து, அதே சாற்றை அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். கசப்புத் தெரியாத ஈ வயிறு நிறைய உண்டும் நீண்டநாள் வாழ்ந்தால், சீந்திலின் கணக்கைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.